வேலிக் கம்பனியின் பெயரில் ஆடிய பேஸ்போல் அணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு பழைய விளையாட்டு அணியைப் பற்றிச் சிறு குறிப்பொன்றை வெளியிட்டிருந்தோம். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள அட்ரியன் என்ற சிறு நகரில் கம்பி வேலி செய்யும் கம்பனியொன்று இருந்தது. அதன் பெயரைத் தாங்கி, கறுப்பின வீரர்களை மட்டுமே கொண்ட தொழில்முறை பேஸ்போல் அணியொன்று 1895 முதல் 1898 வரை நான்கு பருவங்கள் ஆடிவிட்டுக் கலைந்தது. ‘பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ்’ என்பது அந்த அணியின் பெயர். அக்குறிப்பைப் படித்த வாசகர்கள் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் எழுதிய கேள்விகள் ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடியவை அல்ல என்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பேஸ்போல் என்றால் என்னவென்று எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லி, வேலி செய்கின்ற கம்பனிக்கு விளையாட்டு அணி எதற்கு என்பதையும் விளக்குவீர்களா? — ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: புத்தாண்டுக் காலத்தில் தோட்டத்து மைதானத்தில் எல்லே ஆடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பேஸ்போலை விளக்குவது கடினமல்ல. வருகின்ற பந்தைத் தடியால் அடித்துவிட்டு, வரிசையாக அமைந்த தளங்களைத் தொட்டபடி சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். எல்லேயில் ஓடுபவர் மீது பந்தை எறிந்தே அவரை ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தொடவேண்டும், அல்லது சில வேளைகளில் அவர் தளத்தை அடைவதற்கு முன்னர் அங்கே நிற்கும் வீரரின் கைக்குப் பந்து போய்ச் சேரவேண்டும். ஓர் அணிக்கு ஒன்பது பேர். இவ்வளவு தெரிந்தால் கதையைத் தொடரப் போதும்.

இனி கம்பனிக்கு வருவோம். ஜே. வாலஸ் பேஜ் என்பவர் பின்னல் கம்பியால் வேலி அமைக்கும் முறையை உருவாக்கி, அதைக் கொண்டு அட்ரியனில் பெருந்தொழிலொன்றை நிறுவியிருந்தார். அந்த வேலியை வாங்கியவர்கள் பண்ணைக்காரர்கள். ஊர் ஊராகச் சிதறி வாழ்ந்தவர்கள். அவர்களைத் தேடிச் செல்லும் விளம்பரம் ஒன்று கம்பனிக்குத் தேவைப்பட்டது. ஓர் ஊருக்குப் பேஸ்போல் அணி வந்தால் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே இடத்தில் திரண்டுவிடும். இதே கணக்கைப் போட்ட மொனார்க் சைக்கிள் கம்பனியும் ஆதரவாளராகச் சேர்ந்துகொண்டது. ஆகவே ஆட்டம் தொடங்குவதற்கு முன்னர் வீரர்கள் சீருடையோடு மொனார்க் சைக்கிள்களில் ஏறி நகரின் பெருந்தெருவில் ஊர்வலம் போவார்கள்; அதைப் பார்க்க வந்த கூட்டம் அப்படியே மைதானம்வரை பின்தொடரும்.

ஆனால் இந்த அணியை முதலில் கற்பனை செய்தவர்கள் கம்பனிக்காரர்கள் அல்லர் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். பட் ஃபௌலர், கிரான்ட் ஜோன்சன் என்ற இரண்டு கறுப்பின வீரர்கள் 1894-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஃபின்ட்லி நகர அணியில் ஒன்றாக ஆடினார்கள். முழுக்கக் கறுப்பினத்தவராலான வலிமைமிக்க அணியொன்றைக் கட்டவேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். அதற்குப் பணம் போடக்கூடியவர்களைத் தேடியபோதுதான் அட்ரியன் நகரம் கிடைத்தது. 1858-இல் பிறந்த ஃபௌலர், பணம் பெற்று ஆடிய முதல் கறுப்பின பேஸ்போல் வீரராக இன்று அறியப்படுகின்றவர். 1878-ஆம் ஆண்டிலேயே அந்த இடத்தை அடைந்துவிட்டார். அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நகரம் நகரமாக அலைந்தார். இடையிடையே சவரத் தொழில் செய்து பிழைத்தார். போன இடமெல்லாம் திறமைக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டு, நிறத்துக்காக வெளியே அனுப்பப்பட்டார். இரண்டாம் தளத்தில் காவல் நிற்கும்போது எதிரணி ஓட்டக்காரர்கள் வேண்டுமென்றே ஆணி பதித்த சப்பாத்துக்களால் அவருடைய கால்களைக் கிழித்ததால், அவர் முழங்காலுக்குக் கீழே மரச் சிம்புகளைக் கட்டிக்கொண்டு ஆடினார் என்று அக்காலத்து வீரர் ஒருவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு மனிதர் நாற்பது வயதை நெருங்கும் வேளையில் தமக்கென ஓர் அணி வேண்டுமென்று நினைத்ததன் விளைவாகவே பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ் பிறந்தது.

கேள்வி: வெள்ளையர் அணிகளில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று அந்நாட்டில் சட்டம் இருந்ததா? — உயர்தர மாணவர், பதுளை

பதில்: எழுதப்பட்ட சட்டம் இருக்கவில்லை. பேஸ்போல் தலைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட உடன்பாடு இருந்தது; அது சட்டத்தைவிட உறுதியாக நின்றது. 1884-இல் மோசஸ் ஃபிளீட்வூட் வோக்கர் என்ற கறுப்பின வீரர் டொலிடோ நகர அணிக்காக மேல்நிலைத் தொடரிலேயே ஆடியிருந்தார். மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1887 ஜூலை 14 அன்று நியூவார்க்கில் நடக்கவிருந்த ஆட்டமொன்றில், சிக்காகோ அணியின் புகழ்பெற்ற தலைவரான கெப் அன்சன், ஜோர்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பினப் பந்தெறிவாளருக்கு எதிராக ஆட மறுத்தார். ஸ்டோவி களம் இறங்கவில்லை. அதே நாளில் இன்டர்நஷனல் லீக்கின் நிர்வாகிகள் கூடி, இனிக் கறுப்பின வீரர்களோடு புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். ஏனைய தொடர்களில் பெரும்பாலானவையும் விரைவில் அதே வழியில் சென்றன. மேல்நிலைத் தொடர்களின் கதவு 1947 ஏப்ரல் 15 அன்று ஜக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக இறங்கும்வரை மூடியே கிடந்தது.

எழுதாத விதியின் வலிமை எத்தகையது என்பதை மலையகத்தில் வாழும் நமக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. நுவரெலியாவில் 1876-இல் தொடங்கிய ஹில் கிளப் நீண்ட காலம் ஐரோப்பியரை மட்டுமே உறுப்பினராக ஏற்றது. அதற்காக எந்தச் சட்டசபையும் சட்டம் இயற்றவில்லை.

கேள்வி: நானுஓயாவில் புகையிரதச் சேவையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த அணிக்கெனத் தனியாக ஒரு புகையிரதப் பெட்டி இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். தனிப் பெட்டி என்பது நம் நாட்டில் ஆளுநர்களும் பெரிய அதிகாரிகளும் மட்டுமே கண்ட வசதி. பேஸ்போல் வீரர்களுக்கு அவ்வளவு ஆடம்பரம் எப்படி வாய்த்தது? — ஓய்வுபெற்ற ஊழியர், நானுஓயா

பதில்: உங்கள் நிலையத்துக்கு 1885-இல் முதற் புகையிரதம் ஏறிவந்த பத்தாம் ஆண்டில் அந்தப் பெட்டி அட்ரியனிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ அறுபது அடி நீளம். உள்ளே படுக்கைகள், சமையலறை. அணியோடு கூடவே பயணம் செய்யும் சமையற்காரரும் பணியாளரும். வெளிப்புறத்தில் கம்பனியின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. கேட்பதற்கு ஆடம்பரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்த இரவில் பத்துப் பன்னிரண்டு கறுப்பின இளைஞர்கள் அறிமுகமில்லாத ஊரொன்றில் எங்கே சாப்பிடுவார்கள், எங்கே படுப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால், அந்தப் பெட்டி எதற்காகத் தேவைப்பட்டது என்பது விளங்கிவிடும். பணம் கையில் இருந்தாலும் அறை கொடுக்க மறுக்கும் ஹோட்டல்கள் இருந்தன. பின்கதவுக்கு வரச் சொல்லும் உணவுச்சாலைகள் இருந்தன.

மிச்சிகனைப் பொறுத்தவரை சட்டம் அவர்கள் பக்கமே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று அம்மாநிலம் 1885-இலேயே சட்டம் செய்திருந்தது. 1889-இல் டெட்ரொய்ட் நகரின் உணவுச்சாலை ஒன்றில், வேறு பகுதியில் உட்கார்ந்தால்தான் பரிமாறுவோம் என்று சொல்லப்பட்ட வில்லியம் ஃபெர்குசன் என்ற கறுப்பினத்தவர் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு மாநில உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, தனியாக உட்காரவைப்பதே சட்டத்துக்கு மாறானது என்றது. அது மிகப் பெரிய வெற்றி. ஆயினும் ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊரில் தங்குகின்ற ஒருவரால் ஒவ்வோர் இரவும் வழக்குத் தொடுக்க முடியாது. மாநில எல்லையைத் தாண்டினால் அந்தச் சட்டம் உடன்வரவும் செய்யாது. முதற் பருவத்தில் மட்டும் 112 ஊர்களில் இந்த அணி ஆடியது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் நிலையத்தின் பக்கத் தண்டவாளத்தில் நிற்கும் தங்கள் பெட்டிக்குத் திரும்பி, சாப்பிட்டு, படுத்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த ஊருக்குச் செல்லும் வண்டியோடு பெட்டி கொளுவப்படும். புகையிரதத்தில் வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு அந்த இரவுப் பயணம் எப்படியிருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

இதே ஆண்டுகளில் இன்னொரு புகையிரதப் பெட்டி அமெரிக்க வரலாற்றையே திசைதிருப்பிக்கொண்டிருந்தது. லூசியானா மாநிலம் 1890-இல் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் வெவ்வேறு பெட்டிகள் என்று சட்டம் இயற்றியது. அதை எதிர்க்க வேண்டுமென்றே 1892 ஜூனில் ஹோமர் பிளெசி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானார். அந்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போய், 1896 மே 18 அன்று, தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் குற்றமில்லை என்ற தீர்ப்போடு முடிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் மிச்சிகன் நீதிமன்றம் மறுத்த நியாயத்தை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பேஜ் ஃபென்ஸ் வீரர்கள் அப்போது தங்கள் இரண்டாவது பருவத்தில் இருந்தார்கள். அந்தத் தீர்ப்பின் நிழலில் தொடர்ந்து அதே பெட்டியில் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். அவர்களுடைய படுக்கைகள் வசதியானவையாக இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஊரார் கதவைத் திறந்திருந்தால் அந்தப் படுக்கைகளே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: பெண்கள் கிரிக்கெட் அணியில் ஆடுகிறேன். அவர்கள் உண்மையில் எவ்வளவு திறமையானவர்கள்? விளம்பரத்துக்காக வேடிக்கை காட்டிய அணியா, வெல்லத் தெரிந்த அணியா? — கல்லூரி மாணவி, இராகலை

பதில்: வெல்லத் தெரிந்த அணி. 1895 ஏப்ரலில், அணி உருவான கையோடு, தேசிய லீக்கின் சின்சினாட்டி ரெட்ஸ் அணியை எதிர்த்து இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் 11க்கு 7 என்றும் இரண்டாவதில் 16க்கு 2 என்றும் தோற்றார்கள். இரண்டாவது தோல்வி பெருந்தோல்விதான். ஆனாலும் நாட்டின் மிக உயர்ந்த தொடரில் ஆண்டாண்டாக ஆடிவந்த ஓர் அணிக்கு எதிராக, ஒன்றாகச் சேர்ந்து ஆடிப் பழகாத அணியொன்று முதல் நாளில் ஏழு ஓட்டங்கள் பெற்றது சிறிய விஷயமல்ல. அந்தப் பருவத்தின் முடிவில் அவர்களுடைய கணக்கு 118 வெற்றி, 36 தோல்வி, 2 சமநிலை.

எண்களைப் பார்த்து நாம் ஒரேயடியாக மயங்கிவிடவும் கூடாது. எதிரணிகளில் பெரும்பாலானவை ஊர் இளைஞர்கள் சேர்ந்து அமைத்தவை. 1897-இல் தொடர்ச்சியாக 82 ஆட்டங்களில் வென்றார்கள், அந்த ஆண்டு முழுவதிலும் 125 வெற்றிகளுக்கு 12 தோல்விகளே என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடும்போது, அந்த எதிரணிகள் யாவும் ஒரே தரத்தில் இருந்தன என்று எடுத்துக்கொள்ள முடியாது. என் கணிப்பில் அவர்களுடைய உண்மையான அளவுகோல் 1896-ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டு, கிழக்குப் பகுதியின் முதன்மையான கறுப்பின அணியாகிய கியூபன் எக்ஸ் ஜயன்ட்ஸுடன் நீண்ட தொடரொன்றில் மோதி அதை வென்றார்கள். தங்களுக்கு நிகரானவர்களை எதிர்கொண்டபோது வென்றார்கள் என்பதே வீரர்களாகிய உங்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி என்று நினைக்கிறேன்.

வேடிக்கை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சைக்கிள் ஊர்வலம் வேடிக்கைதான். மைதானத்தில் பார்வையாளரைச் சிரிக்கவைக்கும் சில செய்கைகளும் அக்காலத்துப் பயண அணிகளுக்கு வழக்கமானவை. நுழைவுப் பணம் கொடுத்து வந்த கூட்டம் அதை எதிர்பார்த்தது. கூட்டம் சிரித்துவிட்டுப் போனது. ஓட்டப் பலகையில் பெரும்பாலும் அவர்களே முன்னணியில் இருந்தார்கள்.

கேள்வி: கம்பனி அவர்களை வாழவைத்ததா, பயன்படுத்திக்கொண்டதா? தோட்டத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு உதைபந்தாட்டம் ஆடிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. கிண்ணம் எப்போதும் துரையின் அலுவலகத்துக்கே போகும். அதனால் கேட்கிறேன். — தொழிற்சங்கச் செயற்பாட்டாளர், மஸ்கெலியா

பதில்: ஐயா, உங்கள் கேள்வியே இந்தக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. அணியின் நிதி விவகாரம் அட்ரியனின் வெள்ளை வணிகர்கள் கையில் இருந்தது. பெட்டி கம்பனிப் பக்கத்தினுடையது. சட்டையில் இருந்த பெயர் கம்பனியின் பெயர். ஒவ்வொரு வெற்றியும் மறுநாள் பத்திரிகையில் வேலிக்கான இலவச விளம்பரமாக வந்தது. வீரர்களுக்குச் சம்பளமும் உணவும் பாதுகாப்பான உறைவிடமும் கிடைத்தன; அக்காலத்தில் கறுப்பின இளைஞர் ஒருவருக்கு இவை அரிதானவை. ஆகவே கம்பனிக்காரர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல என்னிடம் காரணமில்லை. ஆனால் அவர்களை அறச்செயல் செய்தவர்களாக வைத்துப் போற்றும் எழுத்துக்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தம் ஏற்படுகிறது. அவர்கள் செய்தது வணிகம். நல்ல பொருளுக்கு நல்ல விளம்பரம் தேடினார்கள்; அந்த விளம்பரத்தை உயிரோடு சுமந்தவர்கள் வீரர்கள். கொடுத்ததைவிடப் பெற்றது அதிகம் என்பதே என் முடிவு.

ஒரு வேறுபாட்டையும் நீங்கள் கவனிக்கவேண்டும். அதே காலத்தில் நம் மலைகளில் கடனோடு இருந்த ஒரு தொழிலாளி, ‘துண்டு’ எனப்பட்ட விடுவிப்புச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் போய்ப் பெயர் பதிய முடியாது. அந்த முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவின் வெள்ளையர் தொடர்களிலும், ஒப்பந்தம் முடிந்த பிறகுகூட வீரரைத் தன்னிடமே நிறுத்திவைக்கும் உரிமை அணிக்கு இருந்தது. கறுப்பின அணிகள் அந்தத் தொடர்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்ததால் அவற்றின் வீரர்களை அந்த விதி கட்டவில்லை. வேண்டும்போது விலகிப்போகலாம். அணியை உருவாக்கிய ஃபௌலரே முதற் பருவம் முடியும்வரை காத்திருக்கவில்லை. 1895 ஜூலையில் விலகி, மிச்சிகன் மாநிலத் தொடரில் வெள்ளையரோடு சேர்ந்து ஆடப் போய்விட்டார். ஜோர்ஜ் வில்சன் என்ற சிறந்த பந்தெறிவாளரும் அதே ஆண்டில் அந்தத் தொடருக்குச் சென்றார். தாம் கட்டிய அணியை ஒருவர் இவ்வளவு விரைவில் விடுவாரா என்று சிலர் கேட்கலாம். நிறம் பாராத ஒரு தொடரில் இடம் கிடைப்பது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவருடைய முந்தைய இருபது ஆண்டுகளே சொல்லும். அதுவே அத்தகைய தொடர்களில் அவருடைய கடைசி ஆண்டாகவும் அமைந்தது. மொத்தம் பத்துப் பருவங்கள் அவர் அவ்வாறு ஆடியிருந்தார். அந்தக் கணக்கைத் தாண்டி ஒரு கறுப்பின வீரர் பதினொன்றாவது பருவத்தை ஆடியது 1956-இல், ஜக்கி ரொபின்சன்.

கேள்வி: இவ்வளவு வென்ற அணி நான்கே ஆண்டுகளில் ஏன் கலைந்தது? — வாசகர், கண்டி

பதில்: அணிக்குச் சொந்தமென்று எதுவும் இருக்கவில்லை. அட்ரியன் அப்போது பத்தாயிரம் பேர்கூட இல்லாத நகரம்; அங்கே நிலையாக இருந்து ஆடினால் சம்பளம் கொடுக்குமளவுக்கு நுழைவுப் பணம் சேராது. ஆகவே பருவம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தொடர் எதுவும் இல்லாததால், நிச்சயமான ஆட்ட அட்டவணையும் இல்லை. ஒவ்வோர் ஊரோடும் தனித்தனியாகப் பேசி நாள் குறிக்கவேண்டும். இப்படிப்பட்ட அணி ஆதரவாளரின் ஆர்வம் இருக்கும்வரைதான் நிற்கும். 1898-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அட்ரியனில் அந்த அணி முடிந்தது. வீரர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டே சிக்காகோவுக்குச் சென்று கொலம்பியா ஜயன்ட்ஸ் என்ற புதிய அணியாகத் திரண்டார்கள். பெருநகரம், கறுப்பினச் சமூகத்தின் ஆதரவு, ஆடுவதற்கு ஒரு மைதானம் ஆகியவை அங்கே கிடைத்தன. எனவே அணி அழிந்தது என்பதைவிட, கம்பனியின் பெயரைக் கழற்றிவைத்துவிட்டு இடம்பெயர்ந்தது என்று சொல்வதே பொருத்தம்.

கேள்வி: அந்த வீரர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள்? — இல்லத்தரசி, பண்டாரவளை

பதில்: நான்கு பேரைப் பற்றிச் சொல்கிறேன், அம்மா.

1896 முதல் இரண்டாம் தளத்தில் ஆடிய சார்லி கிரான்ட் 1901-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹொட் ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு ஹோட்டலில் பணியாளராக இருந்தார். அங்கே அவர் ஆடுவதைக் கண்ட பால்ட்டிமோர் அணியின் முகாமையாளர் ஜோன் மெக்ரோ, எப்படியாவது அவரைத் தம் அணிக்குள் கொண்டுவர விரும்பி, செரோக்கி இனத்துப் பழங்குடி வீரர் என்று சொல்லி ‘டொக்கொஹாமா’ என்ற பெயரையும் சூட்டினார். சிக்காகோ அணியின் உரிமையாளர் சார்ள்ஸ் கொமிஸ்கி உண்மையை வெளிப்படுத்தி எதிர்த்தார், திட்டம் கைவிடப்பட்டது. தன் தாய்தந்தையரின் இனத்தை மறைத்தால் மட்டுமே வேலை என்ற நிலையில் ஓர் இளைஞனை நிறுத்திய அந்த நிகழ்வை, நல்ல மனத்தோடு செய்த தந்திரம் என்று இலேசாகக் கடந்துவிட என்னால் முடியவில்லை. கிரான்ட் கறுப்பின அணிகளில் தொடர்ந்து ஆடினார். 1932-இல் சின்சினாட்டியில், தாம் பணி செய்த கட்டடத்தின் முன்னால் அமர்ந்திருந்தபோது கட்டுப்பாடிழந்து வந்த மோட்டார் வாகனம் மோதி இறந்தார்.

முதற் பருவத்தில் ஆடிய சொல் வைட் 1907-இல் கறுப்பின பேஸ்போலின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். அதை அவர் எழுதாமல் விட்டிருந்தால் இந்தப் பகுதியில் நான் சொல்லும் பல செய்திகள் இன்று எவருக்கும் கிடைத்திரா. 1955-இல் அவர் காலமானபோது ரொபின்சன் எட்டுப் பருவங்களுக்கு மேல் ஆடிவிட்டிருந்தார்.

கிரான்ட் ஜோன்சன், ஃபௌலர் போன பிறகு அணியின் தலைமையை ஏற்றவர். மிக நீண்ட காலம் பல அணிகளில் ஆடினார். 1910-இல் கியூபாவின் ஹவானாவுக்கு வந்த டெட்ரொய்ட் டைகர்ஸ் அணிக்கெதிரான ஆட்டங்களில், அக்காலத்தின் மாபெரும் துடுப்பாளராகிய டை கொப்பைவிட உயர்ந்த சராசரியைப் பெற்றார். இறுதிக்காலத்தில் பார்வை இழந்து, பஃபலோ நகரில் 1963-இல் காலமானார்.

ஃபௌலர் 1913-இல் வறுமையில் இறந்தார். அவரைப் புதைத்த இடத்தில் பெயர்க்கல் இல்லை. 1987-இல்தான் பேஸ்போல் வரலாற்று ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கல்லை நாட்டினார்கள். அவர் சிறுவனாக வளர்ந்த ஊர் நியூயோர்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன். பேஸ்போலின் புகழ் மண்டபம் அமைந்திருப்பதும் அதே ஊரில்தான். அந்த மண்டபம் 1939-இல் திறக்கப்பட்டது. அந்த ஊரின் பிள்ளையை அந்த மண்டபம் உள்ளே அழைத்தது 2022-இல்.

கேள்வி: கறுப்பினத் தொடர்களை இப்போது மேல்நிலைத் தொடர்களாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன். பேஜ் ஃபென்ஸ் அணியும் அதில் அடங்குமா? — இளம் வாசகர், தலவாக்கலை

பதில்: அடங்காது. 2020 டிசம்பரில் அமெரிக்க மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பினத் தொடர்களை மேல்நிலைத் தொடர்களாக அறிவித்தது; 2024-இல் அவற்றின் கணக்குகள் முதன்மைப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அதனால் ஜொஷ் கிப்சனின் பெயர் வாழ்நாள் சராசரியில் டை கொப்பைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. அந்த எல்லை 1920-இல் தொடங்குவதற்குக் காரணம், ரூப் ஃபொஸ்டர் கன்சஸ் சிட்டியில் கூட்டம் கூட்டி நிலையான கறுப்பினத் தொடரை நிறுவியது அந்த ஆண்டில்தான் என்பது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னரே கலைந்துபோன பேஜ் ஃபென்ஸ் அணியின் ஆட்டங்கள் ஒரு தொடருக்குள் நடந்தவையல்ல. ஊர் அணிகளோடு ஆடியவற்றை மேல்நிலைக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்குத் தொடர் இல்லாமற்போனதற்குக் காரணம் 1887-இல் எடுக்கப்பட்ட முடிவுகள்தாம் என்பதையும் அதே பதிவேடு ஓர் அடிக்குறிப்பிலாவது சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன்.

தனிப்பட்ட வீரர்களைப் பொறுத்தவரை புகழ் மண்டபத்தின் வழி திறந்திருக்கிறது. சொல் வைட் 2006-இல் சேர்க்கப்பட்டார். ஃபௌலர் சேர்க்கப்பட்டதை மேலே சொன்னேன். அவரோடு சேர்ந்து அந்த அணியைக் கட்டி, அவர் போன பிறகும் அதைத் தலைமை தாங்கி நடத்திய கிரான்ட் ஜோன்சன் இன்னும் சேர்க்கப்படவில்லை. பழைய காலத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் குழு அடுத்து அமரும்போது முதலில் எடுத்துப் பேசவேண்டிய பெயர் அவருடையது.